கிளி விரட்டியவர் வீட்டுத் தோட்டம்

1

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே இங்கிலாந்தில், அடுத்த வீட்டு டோரத்தி அம்மா வேலியோரம் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் பின்னால் இதே அகலத் தோட்டந்தான் இருக்கிறது, இதே புல்தான் முளைக்கிறது. குருவியெல்லாம் உன் வீட்டை மட்டும் தேடி எப்படி வருகிறது, என்னதான் போடுகிறாய் என்று கேட்டாள். மருமகள் விஜயா இரண்டு பக்கப் பேச்சையும் மாற்றிச் சொன்னாள். நான் போடுவதைச் சொன்னேன். ஒரு காய்ந்த கொம்பு, ஆழமில்லாத தண்ணீர், கீறி வைத்த ஆப்பிள், ஒரு கை கம்பு. அந்த அம்மா சீட்டில் எழுதிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

எதற்காகப் போட ஆரம்பித்தேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குச் சிறு வயதிலிருந்தே வராது. தாள் என்றால் பரவாயில்லை, அது நம்மைத் திரும்பிப் பார்க்காது.

இந்த ஆனியோடு என் வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருஷம் நிறைகிறது. நம் ஊர்ப்பக்கம் இதைப் படிக்கிறவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் இரண்டொருவர் இருக்கலாம். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில், மலையடிவாரத் தோப்புகளில் முப்பது வருஷத்துக்கு மேல் காவல் இருந்தவர். மனிதத் திருடனுக்குக் காவல் இல்லை. கிளிக்குக் காவல்.

2

மாங்காய் முற்ற ஆரம்பிக்கும் சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் எங்களுக்கு வீடு தோப்புக்குள்தான். மற்ற மாதங்களில் கொய்யா, மக்காச்சோளம் என்று எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே.

கிளி விடிகிற நேரத்தில் மலையிலிருந்து இறங்கும். ஒரு கிளி ஒரு பழத்தை முழுசாகத் தின்றால் நமக்கும் மனசு ஆறும். அது தின்னாது. ஒரு கொத்து கொத்தும், கீழே போடும், அடுத்த பழத்துக்குத் தாவும். அரைமணி நேரம் கண் அசந்தால் ஒரு மரம் வீண்.

அவரிடம் கவண் இருந்தது. மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கயிற்றில் தகர டப்பா கட்டி, ஓர் இடத்தில் உட்கார்ந்து இழுத்தால் தோப்பு முழுக்கச் சத்தம் கேட்கும்படி வைத்திருந்தார். எண்பதுகளில் டேப் ரிக்கார்டர் வந்த பிறகு, அறுந்துபோன நாடாவை டவுன் கேசட் கடைகளில் கேட்டு வாங்கி வந்து மரங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டுவார். காற்றில் அது விர்ரென்று பேசும், வெயிலில் மின்னும். நாலு நாளைக்குக் கிளி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஐந்தாம் நாள் அந்த நாடாவிலேயே உட்கார்ந்து ஊஞ்சல் ஆடும்.

"படிச்ச கிளி ஏட்டி இது. எந்தப் பாட்டுன்னு பாத்துட்டு வருது," என்பார்.

எல்லாம் தீர்ந்த பிறகு தொண்டைதான். "ஓஓஓய்" என்று அவர் கூப்பாடு போட்டால் அடுத்த தோப்பிலிருந்தும் பறவை கிளம்பும். நானும் போடுவேன். வீட்டில் என் குரல் அடுப்பை விட்டுத் தாண்டாது. தோப்பில் மட்டும் எங்கிருந்துதான் வருமோ, அவரே காதைப் பொத்திக்கொள்வார்.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பறவை நேரே பழத்துக்கு வராது. முதலில் எங்காவது ஒரு மொட்டைக் கொம்பில் வந்து உட்காரும். நாலு பக்கமும் பார்க்கும். பயந்தால் பாய்ந்து ஒளிய முள்ளோ புதரோ கிட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். பிறகுதான் இறங்கும். அதனால் பருவம் தொடங்குமுன் அவர் செய்கிற முதல் வேலை, தோப்பில் இருக்கிற காய்ந்த கொம்பையெல்லாம் வெட்டி எறிவது. இரண்டாவது, புதரை அழிப்பது. மூன்றாவது, பள்ளத்தில் தண்ணீர் தேங்காமல் மூடுவது. உட்கார இடமில்லை, ஒளிய இடமில்லை, குடிக்கத் தண்ணீரில்லை என்றால் பாதிப் பறவை தானாகவே வேறு இடம் பார்க்கும்.

எங்கள் ஒரே மகன் செல்வம் பள்ளிக்கூடம் போகுமுன் கிழக்குப் பக்க மரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதிருக்கும். ஒருநாள் மரத்தடியிலேயே தூங்கிவிட்டான். நல்ல சப்பட்டை ரக மாமரம் ஒன்று. கிளிகள் இறங்கிப் பழத்தைச் சூறையாடிவிட்டன. அன்றைக்கென்று தோப்பு முதலாளி காலையிலேயே வந்துவிட்டார். அவர் ஒன்றும் திட்டவில்லை. கொத்துப்பட்ட பழங்களைக் கைத்தடியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் இவர் தென்னமட்டையை எடுத்து மகனை அடித்துவிட்டார்.

"ஒன் அப்பன் வீட்டுப் பழமாலே? யாரக் கேட்டு திங்கவிட்ட?"

செல்வம் அழவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதன்பிறகு அவன் அப்பாவோடு நேராகப் பேசியது குறைவு. எது வேண்டுமானாலும் "அப்பாட்ட சொல்லும்மா" என்று என்னிடம்தான் சொல்வான். பாலிடெக்னிக் படித்தான், நூற்பாலையில் மெஷின் மாட்டுகிற வேலைக்குப் போனான், அந்த மெஷின் செய்கிற கம்பெனி வழியாகவே இங்கிலாந்துக்கு வந்தான், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் எடுத்துக் கல்யாணம் செய்தான். எல்லாச் செய்தியும் என் வழியாகவே அவர் காதுக்குப் போனது.

3

தொண்ணூற்று இரண்டில் அவன் எங்களைக் கூப்பிட்டான். விசாவுக்கு வயது அத்தாட்சி வேண்டுமென்றார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தது. அந்தத் தாள் ஆயுசில் ஒரு தடவை உபயோகப்பட்டது அப்போதுதான். அவரிடம் ஒன்றுமே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நாலு நடை நடந்து சத்தியப் பத்திரம் எழுதினோம். எழுதிய குமாஸ்தா, "தொழில் என்ன பெரியவரே?" என்று கேட்டார்.

"கிளி வெரட்டுதேன்."

"அது சரி. தொழிலு?"

"அதான் சொல்லுதம்லா. கிளி வெரட்டுதேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா 'கூலி' என்று எழுதினார். என் வீட்டுக்காரருக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்ததும், "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். "நீங்க சொன்னதத்தான்," என்றேன்.

இங்கே வந்து ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். காவல் காக்க ஒன்றுமில்லாத ஆள் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை வாதம் அடித்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அதிகாரி அம்மாள் எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பேசினாள். மகன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"மூணு மாசம் டயம் குடுக்காங்கம்மா. அதுக்குள்ள அப்பா வலது கையத் தூக்கி, தூக்குற ஆளப் பிடிச்சிக்கிடுத அளவுக்கு வந்துட்டாருன்னா வீட்ல வச்சிக்கிடலாம். இல்லன்னா பெரியவங்கள வச்சுப் பாத்துக்கிடுத இல்லத்துக்குத்தான் போகணும்."

"நான் பாத்துக்கிடுதேன்யா."

"நீ எப்பிடிம்மா தூக்குவ?"

மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர் வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் நான் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கப் பார்த்து, இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். என்னால் அவரை எழுப்ப முடியவில்லை. தலையணையை அவர் தலைக்குக் கீழே தள்ளிவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தேன். சாயங்காலம் விஜயா வந்து கதவைத் திறக்கும்வரை அப்படியே கிடந்தோம். அதன்பிறகு, அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் என்று, காலையும் சாயங்காலமும் அவரைத் தூக்கிவிட ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினார்கள்.

விஜயா அந்த மாதிரி இல்லம் ஒன்றில்தான் துணி வெளுக்கிற வேலை பார்த்தாள். "நான் வேல பாக்குற எடந்தான் அத்தை. சுத்தமா இருக்கும். மாமாவத் தெனமும் நானே போயி பாத்துக்கிடுவேன்," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் பேச்சு போன மனிதர். அவர் புருவம் அசைவதைப் பார்த்துத் தண்ணீரா, வலியா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். அவரை அங்கே விட்டால் என்னைக் கூடவே வைக்கமாட்டார்கள்.

4

வாரம் இரண்டு தடவை பயிற்சி கொடுக்க மார்கரெட் என்கிற பெண் வந்தாள். சிவந்த முகம், பெரிய கை. கையைத் தூக்கச் சொல்லுவாள், விரலை மடக்கச் சொல்லுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் அவள் ஒரு தட்டு நிறைய மண்ணும் சின்னச் சின்னத் தொட்டிகளும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் நல்ல கையால் ஒரே தள்ளு. கம்பளம் முழுக்க மண்.

அவள் போன பிறகு மகனிடம் கேட்டேன். "எதுக்குய்யா மண்ணக் கொண்டாந்து குடுக்கா?"

"பாரத்துல அப்பா என்ன தொழில் பாத்தார்னு கேட்டிருந்தாங்க. பழகின வேலைன்னா கை தானா வரும்னு அந்த அம்மா நெனைக்கா."

"நீ என்னன்னு எழுதிக் குடுத்த?"

"விவசாயம்னு."

"அவிய எங்கய்யா வெவசாயம் பாத்தாக? ஒரு குழி நெலம் உண்டா நமக்கு?"

"பொறவு என்னன்னு எழுதச் சொல்லுத? கிளி வெரட்டுனார்னா?" என்று சத்தம் போட்டான். "பள்ளிக்கூடத்துல என்னைய 'கிளிவெரட்டி'ன்னுதான் கூப்பிட்டானுவ. இங்கயும் போயி அதையே சொல்லவா?"

அவர் உள்ளே நாற்காலியில் இருந்தார். பேச்சுத்தான் போயிருந்ததே தவிர காது போகவில்லை. செல்வத்துக்கும் அது உடனே உறைத்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்த வாரம் பனி கொட்டியது. விஜயா அழுகல் ஆப்பிள் ஒன்றைப் பின்பக்கம் எறிந்துவிட்டு வேலைக்குப் போனாள். அவர் ஜன்னலைப் பார்க்க இருந்தார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். மைனா அளவில் கரிய குருவி ஒன்று, மூக்கு மட்டும் மஞ்சள், பனியில் இறங்கி ஆப்பிளைக் கொத்தியது. எனக்குப் பின்னால் "ஓய்" என்று ஒரு சத்தம். தேய்ந்துபோன சத்தம்தான். திரும்பினேன். போர்வைக்கு மேல் கிடந்த வலது கை முழங்கை வரைக்கும் எழும்பி, கீழே விழுந்தது.

குருவி போய்விட்டது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செய்து காட்டச் சொல்வார்கள். ஒரு குருவியை வைத்து என்ன செய்ய? நாளுக்கு இருபது தடவை குருவி வரவேண்டும், இருபது தடவை அவர் விரட்டவேண்டும். அதற்கு வழி எனக்குத் தெரியும். அவர் ஆயுசு முழுக்கச் செய்ததையெல்லாம் தலைகீழாகச் செய்யவேண்டும்.

5

எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர் ஏதோ பழச்செடி வைத்திருந்தார். வேலி நெடுக வெள்ளித்தாள் கீற்றுகள் கட்டியிருந்தது. இங்கேயும் ஒரு காவல்காரர் இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அவற்றை அறுத்தெடுத்தேன். பின்பக்கக் கொடியில் துணி படபடக்கக் கூடாது என்று எல்லாத் துணியையும் வீட்டுக்குள் காயப்போட்டேன். "அத்தை, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி எல்லா எடத்துலயும் வேட்டி தொங்குது," என்றாள் விஜயா.

குப்பைத்தொட்டியின் மூடியைக் கவிழ்த்து, நடுவில் ஒரு கல் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் அது உறைந்திருக்கும், வெந்நீர் ஊற்றி உருக்குவேன். டோரத்தி அம்மா கழித்துப் போட்ட ரோஜா முள்ளைக் கேட்க வாய் வராமல், அவள் குப்பையில் வைத்த பிறகு எடுத்துவந்து மூலையில் குவித்தேன்.

மொட்டைக் கொம்புதான் கிடைக்கவில்லை. தெருக்கோடியில் பூங்கா உண்டு. அங்கே காற்றில் முறிந்த கொம்பு ஒன்று, ஆள் உயரத்துக்கு மேல், கிடந்தது. சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். விறகு சுமந்த தலைக்கு அது ஒரு பாரமா? ஆனால் அந்தத் தெருவில் தலையில் விறகோடு யாரும் நடந்ததில்லை போலிருக்கிறது. கார்கள் மெதுவாகப் போயின. நான் தரையைப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் வாசலில் ஒரு பை நிறைய கரி இருந்தது. டோரத்தி அம்மா கொண்டுவந்து வைத்திருக்கிறாள், இந்த வீட்டில் அடுப்புக்கு வழியில்லை, பாவம், என்று. செல்வம் அவள் வீட்டுக்குப் போய் விளக்கிச் சொல்லிவிட்டு முகம் சிவந்து திரும்பினான்.

"ஒரு கொம்பு வேணும்னா என்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"ஒன்கிட்ட சொன்னா எதுக்குன்னு கேப்ப."

"எதுக்கு?"

"அவிய பாக்கதுக்கு," என்றேன். பாதி உண்மை.

கொம்பை நட்டு, அதிலிருந்து நாலடி தள்ளி ஜன்னலுக்கு நேரே ஆப்பிளைக் கீறி வைத்தேன். கீறாத பழத்தைப் பறவை சட்டென்று தொடாது. ஏற்கெனவே ஒன்று கொத்தின மாதிரி இருக்கவேண்டும். ஒன்பது நாள் எதுவும் வரவில்லை. பத்தாம் நாள் அதே மஞ்சமூக்கன் கொம்பில் உட்கார்ந்தான். நாலு பக்கம் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். இறங்கினான். நான் கதவருகில் மூச்சை அடக்கி நின்றேன். அவன் ஒரு கொத்து கொத்தியதுதான் தாமதம், "ஓஓஓய்" என்று தெருவே கேட்க ஒரு கூப்பாடு. போட்டது நான்தான். முப்பது வருஷப் பழக்கம், என்னைக் கேட்காமலேயே வாயை விட்டுப் போய்விட்டது.

குருவி பறந்தது. டோரத்தி அம்மா வீட்டு ஜன்னல் திறந்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் நாற்காலியில் குலுங்கிக்கொண்டிருந்தார். மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து கிட்டே போனேன். பாதி வாயால் சிரிக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

6

பிறகு வரத் தொடங்கின. இறைத்த கம்புத் தானியத்துக்குச் சிட்டுக்குருவி வந்தது. நம் ஊர்ச் சிட்டேதான். கடல் தாண்டியும் அதே சண்டை, அதே சத்தம். புள்ளி போட்ட கருங்குருவிகள் மைனா மாதிரி கூட்டமாக வந்து அடித்துக்கொண்டன. ஒவ்வொரு தடவையும் அவர் தொண்டையில் "ஓய்" வரும், கை எழும்பும். சில சமயம் மார்பு வரைக்கும்.

மார்கரெட்டிடம் இதைச் சொல்லவேண்டும். செல்வம் சொல்லமாட்டான். எனக்கு அவள் பாஷை தெரியாது. அவள் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் வேறு ஆளில்லை. நான் அவள் முன்னால் போய் நின்றேன். காது இரண்டும் சுட்டது. இரண்டு கையையும் விரித்து அடித்து, கிளி மாதிரி கழுத்தைச் சாய்த்து, "கீ கீ" என்று கத்தினேன். கற்பனை மாம்பழத்தைக் கொத்தினேன். பிறகு அவரைக் காட்டி, கவண் சுற்றி எறிகிற மாதிரி எறிந்தேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்குப் பக்கவாட்டில், திரை மறைவில் உட்காரவைத்தேன்.

இருவரும் செத்த நேரம் ஆடாமல் இருந்தோம். மஞ்சமூக்கன் வந்தான். அவர் கை எழும்பியது. அவள் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கை எழும்பின உயரத்துக்கு ஜன்னல் சட்டத்தில் ஒரு கோடு போட்டாள். அன்றிலிருந்து மண் தட்டு வரவில்லை. வரும்போதெல்லாம் ஓர் ஆப்பிள் கொண்டுவருவாள். பங்குனி பிறக்கும்போது ஏழு கோடுகள் இருந்தன. கடைசிக் கோடு அவர் தோளுக்குக் கொஞ்சம் கீழே.

செல்வம் அந்தக் கோடுகளைப் பார்த்தான். என்ன என்று கேட்கவில்லை. ஒருநாள் காலை வேலைக்குப் போகுமுன் தண்ணீர் மூடியில் உறைந்த பனியை அவனே உடைத்துவிட்டுப் போனான்.

7

சோதனை நாளில் அதிகாரி அம்மாள் கனத்த கோப்போடு வந்தாள். சிவப்புக் கோட்டு. மகனும் மருமகளும் லீவு போட்டிருந்தார்கள். மார்கரெட் முன்கூட்டியே சொல்லி வைத்ததால் எல்லோரும் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்தச் சிவப்பு என்னை உறுத்தியது. விஜயாவின் காதில் சொல்லி, அவள் கோட்டை வாங்கி மாட்டிவைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

நேரம் போனது. அதிகாரி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் கொம்பில் மஞ்சமூக்கன் உட்கார்ந்தான். பார்த்தான், இறங்கினான், ஆப்பிளைக் கொத்தினான். அறையில் இருந்த அத்தனை கண்ணும் அவர் கையில் இருந்தது.

கை எழும்பவில்லை.

குருவி கொத்திக்கொண்டே இருந்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பொறுக்க முடியாமல் அவர் பக்கத்தில் குனிந்தேன். "என்னங்க, அங்க பாருங்க, திங்கு. வெரட்டுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உதடு கோணிக் கோணி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"திங்கட்டும். நம்ம பழந்தான."

ஆறு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது. விஜயா அழுதுவிட்டாள். மார்கரெட் கையைத் தட்டினாள். நான் மட்டும் அவர் வலது கையையே பார்த்தேன். கேட்டது கையை; கை எழும்பவில்லையே. இத்தனை வருஷம் ஒரு கொத்துக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் இன்றைக்குப் பார்த்தா தர்மம் செய்யவேண்டும் என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. பிறகுதான் தோன்றியது: அதுவரை அவர் காத்ததெல்லாம் இன்னொருவர் பழம். அதில் ஒரு கிளிக்கு ஒரு வாய் கொடுக்க அவருக்கு ஏது உரிமை? கொடுக்க அவர் கையில் ஒரு பழம் இருந்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி அம்மாள் செல்வத்திடம், உன் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேச ஆரம்பித்தான். ரொம்ப நேரம் பேசினான். அப்பா சொன்னது மூன்றே வார்த்தை. இவன் இவ்வளவு நேரம் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு தடவை கவண் சுற்றுகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டினான். அவன் அதைச் சுற்றி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, அன்பாகத்தான் சொன்னாள், ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள். விஜயா எனக்குச் சொன்னாள்: "பேச்சு வந்தது சந்தோஷமாம் அத்தை. ஆனா கை வராம, நீங்க ஒத்தையா இருக்கும்போது மாமாவ இங்க விட்டுவைக்க அவங்களுக்கு வழி இல்லியாம்."

அப்போது செல்வம் இன்னும் ஏதோ சொன்னான். அதிகாரி அம்மாள் திரும்பக் கேட்டாள். அவன் திரும்பவும் அதையே சொன்னான்.

"என்னம்மா சொல்லுதான்?" என்றேன்.

"காலைல அவுகளே தூக்குவாகளாம் அத்தை. மதிய ஷிப்டுக்கு மாத்திக்கிடுதாகளாம். சாயங்காலம் நான் வந்துருவேன், நான் படுக்க வச்சிருவேன். பாரத்துல அப்பிடியே எழுதுங்கன்னு சொல்லுதாக."

"ஏய்யா," என்றேன் அவனிடம், "மத்தியான வேலன்னா ஒனக்குச் சரிப்படுமா?"

"அப்பாட்ட கேளும்மா, அவருக்குச் சரிப்படுமான்னு," என்றான். பிறகு தானே அவர் பக்கம் திரும்பினான். "ஏம்ப்பா? நான் தூக்குனா சரிதானா?"

அவர் கண் அவன் மேலேயே இருந்தது. அதிகாரி அம்மாள் அவன் சொன்னதைப் பாரத்தில் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் வீட்டில்தான் இருந்தார், வீட்டில்தான் போனார். வலது கை கடைசிவரை முழுசாக வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை செல்வம் முதல் தடவையாக அவரைத் தூக்கினான். எங்கே பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டதே இல்லை. "கமுக்கட்டுக்குக் கீழ கையக் குடு," என்று நான் சொன்னேன். கொடுத்தான். மூச்சைப் பிடித்துத் தூக்கினான். அவர் இடது கை தானாக எழும்பி மகன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நாற்காலியில் உட்காரவைத்த பிறகும் அந்தக் கை உடனே அவனை விடவில்லை. அவனும் எடுக்கச் சொல்லவில்லை, குனிந்தபடியே நின்றான்.